படகு எண் இல்லாத மீனவர்

சில ஆண்டுகளுக்கு முன்பு, பாம்பன் தீவில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் என் தூரத்து அத்தை ஒருவருக்காக, நலத்திட்ட விண்ணப்பம் ஒன்றை இணையத்தில் நிரப்பித் தர உட்கார்ந்தேன். பெயர், ஊர், வயது, வங்கிக் கணக்கு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. அடுத்து, 'படகுப் பதிவு எண்' என்றொரு கட்டம். அருகில் கட்டாயம் என்பதைச் சொல்லும் சிவப்பு நட்சத்திரம். "எனக்கு ஏது மருமகனே படகு? முகத்துக்குக் கண்ணாடி, காலுக்குத் தட்டு, பாசி அள்ள ஒரு வலைப்பை. அவ்வளவுதான்" என்றார் அத்தை. அவருடைய கணவருக்கும் சொந்தப் படகு கிடையாது. பிறர் படகில் கூலிக்குச் செல்பவர்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் திரை அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தது. பக்கத்தில் இருந்தவர், "எல்லோரும் செய்வதுதான், பூஜ்யங்களைப் போடுங்கள்" என்று வழி சொன்னார். போட்டோம். சில மாதங்கள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம்: படகுப் பதிவு எண் தவறு.

கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். ஆகவே அன்று எனக்குக் கோபத்தைவிட வெட்கமே மிகுதியாக இருந்தது. அத்தகைய கட்டங்களை நானும் எத்தனையோ எழுதியிருக்கிறேன். மீனவர் என்றால் படகு வைத்திருப்பவர் என்று அந்தத் திரையை எழுதியவர் நினைத்ததில் தீய நோக்கம் ஏதும் இருந்திருக்காது. ஆனால், கரையில் வாழும் ஒரு பெண்ணை 'நீ மீனவர் இல்லை' என்று சொல்லும் அதிகாரம், எவரும் அறியாமலேயே ஒரு நட்சத்திரக் குறிக்குப் போய்விட்டது. இதைத் தடுக்க ஒரு வழி கணினித் துறையில் நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. அதைப் பொதுமக்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரைக்குள் புதைந்த விதிகள்

நாம் அன்றாடம் காணும் பெரும்பாலான இணையப் படிவங்கள் கையால் கட்டப்பட்டவை. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நிரலர் எழுதுகிறார். இது எண்ணா எழுத்தா, கட்டாயமா விருப்பமா, எந்தப் பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வேண்டும் என்பவை எல்லாம் திரையின் நிரலுக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றன. அதே விதிகள் கைப்பேசிச் செயலியில் மறுபடியும் எழுதப்படுகின்றன. அலுவலர் பார்க்கும் திரையில் மூன்றாவது முறையும், மாத அறிக்கையில் நான்காவது முறையும் எழுதப்படுகின்றன.

இதன் விளைவு என்ன? கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஒரு காலத்தில் 45 நாள்களாக இருந்தது. பின்னர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. அரசாணையில் இது ஒரே ஒரு வரி. இந்த எண்ணைத் தனித்தனியாக நிரலில் எழுதி வைத்திருக்கும் பத்துத் திரைகள் இருந்தால், பத்து இடங்களில் திருத்த வேண்டும். ஒன்பதைத் திருத்திப் பத்தாவதை மறப்பதும் நடக்கும். மறக்கப்பட்ட அந்த ஒன்றின் முன்னால்தான் ஏதோ ஒரு மீனவர் மணிக்கணக்கில் நின்றுகொண்டிருப்பார்.

பொருளை முதலில் சொல்லுதல்

மாற்று வழி எளிமையான ஒரு கேள்வியில் தொடங்குகிறது. திரையை வரைவதற்கு முன், அந்தத் திரை பேசப்போகும் உலகத்தையே முதலில் எழுதி வைத்தால் என்ன? படகு என்றால் என்ன, அதற்கு எவை எவை உண்டு, அது எதனோடு எவ்வாறு தொடர்புடையது என்பதைக் கணினியும் மனிதரும் ஒருங்கே படிக்கும் வகையில் எழுதுவது. இதையே பொருண்மைத் தரவு மாதிரி என்கிறோம்.

அதன் அடிப்படை அலகு மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு சிறு வாக்கியம். 'இந்த வல்லம் – தங்குமிடம் – தங்கச்சிமடம்.' 'இந்த வல்லம் – உரிமையாளர் – இன்னார்.' 'வல்லம் – ஒரு வகை – நாட்டுப்படகு.' இத்தகைய வாக்கியங்களால் உலகை விவரிக்கும் ஆர்டிஎஃப் என்னும் முறையை 1999இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரையாக வெளியிட்டது. வகைகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் எழுதும் மொழி 2004இல் வந்தது. ஒவ்வொரு வகைக்கும் எந்தப் பண்பு கட்டாயம், எது எத்தனை முறை வரலாம் என்ற நிபந்தனைகளை எழுதும் 'ஷேக்கிள்' என்னும் மொழி 2017இல் வந்தது. தரவைச் சரிபார்ப்பதற்காகவே பிறந்த அந்த மொழியில், திரையில் எது முன், எது பின், எவை ஒரே தொகுதி என்று குறிக்கவும் இடமுண்டு.

இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமானதன்று. 1892இல் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1933இல் தமது கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். உலகிலுள்ள எல்லாத் தலைப்புகளையும் முன்கூட்டியே பட்டியலிட்டுப் புத்தகங்களை அவற்றுக்குள் திணிப்பது அன்றைய வழக்கம். ரங்கநாதன் அதை மறுத்தார். ஒரு நூலின் பொருளை அதன் அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, தேவைக்கேற்ப அவற்றைக் கோத்துக்கொள்ளலாம் என்றார். லண்டன் கடையொன்றில் கண்ட 'மெக்கானோ' விளையாட்டுப் பொருள் இந்த எண்ணத்தைத் தூண்டியதாகச் சொல்வார்கள். அதே துண்டுகளிலிருந்து பாலமும் கட்டலாம், வண்டியும் கட்டலாம். இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று ஓரப்பட்டியில் தேர்ந்து தேடுகிறோமே, அந்தத் திரைகளுக்குப் பின்னால் இருப்பது இதே கூறுபடுத்தும் சிந்தனைதான்.

மாதிரியிலிருந்து திரை

மாதிரி தயாரானதும், அதைப் படித்துத் திரையைத் தானே உருவாக்கும் ஒரு பொது நிரல் போதும். அதன் தர்க்கம் வியப்பூட்டும் அளவுக்கு நேரடியானது. ஒரு பண்பு தேதி என்றால் நாள்காட்டி தோன்றும். நான்கைந்து மதிப்புகளுக்குள் அடங்குவது என்றால் தொட்டுத் தேர்வு செய்யும் பொத்தான்கள். நூற்றுக்கணக்கில் நீள்வது என்றால் தேடல் பெட்டி. இருப்பிடம் என்றால் வரைபடம். குறைந்தது ஒன்று வேண்டும் என்று மாதிரி சொன்னால் மட்டுமே நட்சத்திரக் குறி. பல இருக்கலாம் என்றால் 'இன்னொன்றைச் சேர்' என்ற பொத்தான். வேறொரு பொருளைச் சுட்டும் பண்பு என்றால், ஏற்கெனவே பதிவானவற்றிலிருந்து தெரிவு செய்யும் வசதி.

இது ஏட்டளவில் நிற்கும் கோட்பாடன்று. 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஓடிகே' என்னும் கட்டற்ற மென்பொருள் இதன் எளிய வடிவம். அதில் நிரல் எழுதத் தேவையில்லை. விரிதாளில் ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி. கேள்வியின் வகை, அதன் தமிழ்ப் பெயர், கட்டாயமா இல்லையா, எந்தச் சூழலில் கேட்கப்பட வேண்டும் என்பவை பத்திகளாக நிற்கும். அந்த விரிதாளைக் கொடுத்தால் கைப்பேசியில் படிவம் தோன்றிவிடும். ஓடிகே விரிதாளில் இருப்பது கேள்விகளின் பட்டியல் மட்டுமே. பொருண்மை மாதிரி ஒரு படி மேலே சென்று, அந்தக் கேள்விகள் எந்த உலகத்தைப் பற்றியவை என்பதையும் சொல்கிறது.

ஒரே தரவு, பல முகங்கள்

மாதிரியும் திரையும் பிரிந்தபின் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஓர் அடுக்குக்கு இடம் கிடைக்கிறது. அதுவே அமைவு. யாருக்கு எதைக் காட்டுவது, எந்த வரிசையில், எந்தச் சொல்லில், எந்த அளவையில் என்பதை நிரலைத் தொடாமலேயே மாற்றிக்கொள்ளும் அடுக்கு அது. இதன் அருமை கடற்கரையில்தான் நன்கு விளங்கும்.

ஹைதராபாதில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் ஆராய்ந்து, மீன்கள் திரளக்கூடிய இடங்களை முன்னறிவிக்கிறது. அந்த அறிவிப்பு அடிப்படையில் ஓர் அட்டவணை. எந்த இறங்குதளத்திலிருந்து, எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் ஆழத்தில், எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் என்ற விவரங்கள் அதில் உண்டு. இதே தரவு துறைமுகத்தில் மின்னணுப் பலகையாகவும், கைப்பேசியில் குறுஞ்செய்தியாகவும், இணையத்தில் வரைபடமாகவும் மாறுகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலி, மீன்வளப் பகுதி, அலைநிலை, புயல் எச்சரிக்கை, சர்வதேசக் கடல் எல்லை பற்றிய எச்சரிக்கை ஆகியவற்றை ஒரே இடத்தில் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் தருகிறது. இதே நிறுவனம் 1990களின் இறுதியில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில், இணையத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் ஊருக்கே படித்துக் காட்டியது. அந்த ஒலிபெருக்கியும் ஓர் இடைமுகம்தான்.

இவற்றில் இன்னும் செய்ய வேண்டியது எது என்பதைக் கரையில் நின்று யோசித்துப் பாருங்கள். அறிவிப்பு ஆழத்தை மீட்டரில் சொல்கிறது. நம் மீனவர் 'பாகம்' என்ற கணக்கில் எண்ணுகிறார். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி. 20 மீட்டர் என்பது ஏறக்குறைய 11 பாகம். காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது என்பதைவிடக் 'கச்சான்' என்ற ஒற்றைச் சொல் அவருக்கு அதிகம் சொல்லும். வாடை, கொண்டல், சோழகம் என்பனவும் அப்படியே. ஆழம் என்பது நீள அளவை சார்ந்த பண்பு என்று மாதிரிக்குத் தெரிந்திருந்தால், ஆய்வாளருக்கு மீட்டரிலும் மீனவருக்குப் பாகத்திலும் காட்டுவது ஓர் அமைவு மாற்றம் மட்டுமே.

மீன் பெயர்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. சென்னையில் வஞ்சிரம், குமரியில் நெய்மீன், தென்மாவட்டத் துறைமுகங்களில் சீலா. மூன்றும் ஒரே மீன். ஆனால், 'சீலா' என்ற அதே சொல் வேறு இடங்களில் ஊளி மீனைக் குறிக்கும். ஒரு செயலியில் 'மீனின் பெயர்' என்று வெறும் எழுத்துக் கட்டம் வைத்தால், ஒரே மீன் மூன்றாக எண்ணப்படும். வெவ்வேறு மீன்கள் ஒன்றாக எண்ணப்படும். பொருண்மை மாதிரியில் மீனுக்கென்று ஓர் அடையாளம் நிற்கும்; பெயர்கள் அதில் தொங்கும் சீட்டுகள். எந்த ஊரில் எந்தச் சீட்டு என்பதும் எழுதப்பட்டிருக்கும். இராமேசுவரத்தில் திறந்தால் சீலா என்றும் காசிமேட்டில் திறந்தால் வஞ்சிரம் என்றும் திரை காட்டும். உள்ளே கணக்கு ஒன்றாகவே இருக்கும். எவருடைய சொல்லும் பிழையென்று திருத்தப்படுவதில்லை. 1947இல் தொடங்கி இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக எடுத்துவரும் மீன்வரத்துக் கணக்குக்கும், மீனவரின் நாவில் வழங்கும் பெயருக்கும் இடையே பாலம் அமைவது இப்படித்தான்.

மாதிரியும் பொய் சொல்லலாம்

இனி, இந்த வழியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மாதிரியிலிருந்து தானாகப் பிறக்கும் திரைகள் பெரும்பாலும் அழகற்றவை. அவை தரவின் அமைப்பைப் பிரதிபலிக்கும். மனிதர் வேலை செய்யும் ஒழுங்கைப் பிரதிபலிப்பதில்லை. ஏலக்கூடத்தில் ஈரக்கையோடு நிற்பவருக்கு இரண்டு பெரிய பொத்தான்கள் போதும். பொது நிரல் அவர்முன் நாற்பது கட்டங்களைப் பரப்பி வைக்கும். அமைவு அடுக்கு அதைக் குறைக்க உதவும் என்றாலும், எதைக் குறைப்பது என்று அறிய ஒருவர் ஏலக்கூடத்துக்குச் சென்று நின்றுதான் ஆக வேண்டும். அந்த வேலையை எந்த நிரலும் செய்து தராது. மேலும், அமைவுகள் கட்டுமீறிப் பெருகினால் அவையே இன்னொரு சிக்கலான நிரலாகிவிடும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. கையால் எழுதிய திரையில் பிழை இருந்தால் அந்தத் திரையோடு போகும். மாதிரியில் பிழை இருந்தால், அதிலிருந்து பிறக்கும் எல்லாத் திரைகளிலும் ஒரே சீராகப் பரவும். 'மீனவருக்குக் குறைந்தது ஒரு படகு' என்று மாதிரியிலேயே எழுதிவிட்டால், என் அத்தை ஒரு விண்ணப்பத்திலிருந்து மட்டுமல்ல, எல்லா விண்ணப்பங்களிலிருந்தும் கணக்கெடுப்பிலிருந்தும் விழுந்துவிடுவார்.

ஆனாலும் நான் மாதிரியின் பக்கமே நிற்கிறேன். காரணம், மாதிரியில் இருக்கும் பிழையைக் கண்ணால் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான நிரல் வரிகளுக்குள் புதைந்த விதியை என் அத்தையோ, மீனவர் சங்கத் தலைவரோ, மாவட்ட அலுவலரோ ஒருபோதும் படிக்கப் போவதில்லை. 'மீனவர் – வைத்திருப்பது – படகு – குறைந்தது ஒன்று' என்ற வாக்கியத்தை எவரும் படிக்கலாம். 'இது தவறு' என்று விரல் வைத்துச் சொல்லலாம். திருத்தினால், எல்லாத் திரைகளும் ஒருசேரத் திருந்தும்.

அத்தைக்கான திருத்தம்

அந்தத் திருத்தம் எப்படி இருக்கும்? கடல்சார் தொழிலாளர் என்று ஒரு பொது வகை. அதன் கீழ்ப் படகு உரிமையாளர், படகுக் கூலியாளர், பாசி எடுப்பவர், சங்கு குளிப்பவர், கரைவலை இழுப்பவர், கருவாடு போடுபவர், மீன் விற்பவர் என உட்பிரிவுகள். படகோடு உள்ள உறவு, உரிமையாளருக்கு மட்டும் கட்டாயம். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில் செய்யலாம். பாசி எடுக்கும் பெண் மற்ற நாள்களில் கருவாடு போடுபவராகவும் இருப்பார். இவ்வளவுதான். இதை எழுதிய மறுகணம், 'பாசி எடுப்பவர்' என்று தேர்ந்தெடுப்பவருக்குப் படகு எண் கட்டமே தோன்றாது. அதற்குப் பதிலாக, எடுக்கும் பாசி மரிக்கொழுந்தா, கட்டக்கோரையா, கஞ்சிப்பாசியா என்ற கேள்வி தோன்றும்.

இது சிறு விஷயமன்று. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் சுமார் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறைகளாகச் சென்றுவந்த நீர்ப்பரப்பில் அதன்பின் கெடுபிடிகள் வந்தன. பாசி வளர இடைவெளி விட்டு, மாதத்தில் குறிப்பிட்ட நாள்கள் மட்டுமே எடுப்பது என்று அவர்கள் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களின் அமைப்புக்குத் தலைமை ஏற்ற லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. உலகம் அடையாளம் கண்டுகொண்ட தொழில் அது. தொண்டி அருகே வலமாவூரில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பாசித் தொழிலுக்குப் பணமும் திட்டங்களும் வரும் காலம் இது. அவை வந்து சேரும் வாசல் பெரும்பாலும் ஓர் இணையப் படிவமாகவே இருக்கும். மிதவையில் பாசி வளர்ப்பவர் ஒரு வகை. கடலில் மூழ்கி இயற்கைப் பாசி எடுப்பவர் இன்னொரு வகை. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தாலும், ஒன்றை மட்டும் கட்டத்தில் சேர்த்தாலும், பழைய பூஜ்யங்களின் கதைதான் மீண்டும் நடக்கும்.

கேட்க வேண்டியவை

ஆகவே, அரசுத் துறைகளிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவதாக, ஒரு செயலியையோ தளத்தையோ வெளியிடும்போது அதன் தரவு மாதிரியையும் தமிழில், எல்லோரும் படிக்கும் வகையில் வெளியிட வேண்டும். அரசாணை பொது ஆவணம் என்றால், அரசாணையைச் செயல்படுத்தும் மாதிரியும் பொது ஆவணமே. இரண்டாவதாக, அதன் சொற்களை அந்தத் தொழில் செய்பவர்களைக் கொண்டே நிறைவு செய்ய வேண்டும். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற நெடுநாள் ஏற்பாட்டைப் பேசி வகுத்துக்கொண்டவர்களுக்கு, 'படகு' என்பதன் வரையறையைப் பேசி முடிவு செய்யும் ஆற்றல் நிச்சயம் உண்டு.

மூன்றாவதாக, எந்தக் கட்டம் கட்டாயம் என்ற முடிவுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அது என்று, எந்த விதியின்படி எடுக்கப்பட்டது என்ற குறிப்பு மாதிரியிலேயே இருக்க வேண்டும். நான்காவதாக, எவ்வளவு கவனமாக எழுதினாலும் விடுபடுபவர் இருப்பார். 'இவற்றில் எதுவும் எனக்குப் பொருந்தவில்லை' என்று சொல்ல ஒவ்வொரு திரையிலும் இடம் வேண்டும். அப்படிச் சொன்னவர்களின் பதில்களை எடுத்துப் படித்து மாதிரியைத் திருத்தும் வழக்கமும் வேண்டும். வேலை வாய்ப்பைத் தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்ட இக்கடற்கரையின் கணினிப் பட்டதாரிகள் இதில் உதவக் கடமைப்பட்டவர்கள்; என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அத்தைக்கு அறுபது வயது நெருங்குகிறது. இன்னும் பாசிக்குப் போகிறார். அடுத்த முறை அவருக்காக ஒரு படிவத்தின் முன் உட்காரும்போது, 'தாங்கள் செய்யும் தொழில் எது?' என்று அது முதலில் கேட்க வேண்டும். படகைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.